"இதுல எது தம்பி என் பாட்டு?": சிங்கையில் தமிழ்ப் பாடல் வெளியிடும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும், சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழு உறுப்பினர்களுக்கும், கோயில் விழாக் குழுவினருக்கும், "இந்த வருடம் நமக்கென்று ஒரு பாட்டு போட்டுவிடுவோம்" என்று கூட்டத்தில் முடிவெடுக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

நான் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவுக் கூடம் நடத்துகிறேன். 20 வருடத்துக்கு மேலாகிவிட்டது. உங்களில் பலருடைய பாடல்களை நான்தான் பதிவு செய்து, மிக்ஸிங் முடித்துக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நெருங்க நெருங்க என் கூடத்தில் இரவு 12 மணிக்கும் விளக்கு எரியும், அது உங்களுக்கே தெரியும். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அக்கா பேத்தியோடு கூடத்துக்கு வந்தார். 2009ல் ஓர் அமைப்பின் விழாவுக்காக ஒரு பாட்டுப் பாடியவர். அப்போது அது குறுந்தட்டில் வந்தது, விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள், அதோடு சரி. இப்போது பேத்தி கைப்பேசியில் பாட்டு கேட்கும் செயலியில் தேடியபோது அதே பாட்டு மூன்று இடத்தில் கிடைத்திருக்கிறது. அதே குரல், அதே நீளம், ஆனால் மூன்று வெவ்வேறு வெளியீடுகள். ஒன்றில் அக்காவின் பெயர் தப்பான எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, இன்னொன்றில் இசையமைப்பாளர்தான் பாடியவர் என்று போட்டிருக்கிறது, மூன்றாவதில் ஆள் பெயரே இல்லை, அமைப்பின் பெயர் மட்டும். மூன்றுக்கும் அடியில் மூன்று எண்ணிக்கை, இத்தனை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார்கள் என்று. அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதுல எது தம்பி என் பாட்டு?" என்று கேட்டார். மூன்றுமே அவருடையதுதான், ஆனால் கணக்கில் ஒன்றுகூட அவருடையது இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

ஐஎஃப்பிஐ என்ற உலக ஒலிப்பதிவுத் துறைக் கூட்டமைப்பு இணையத்தில் ஒரு தேடுதளம் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். அதில் போய்ப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரியே ஒரே ஒலிப்பதிவுக்கு மூன்று ஐஎஸ்ஆர்சி எண்கள், அதாவது மூன்று அடையாள எண்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

பலரும் இந்த எண்களை ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். குறுந்தட்டின் பின்னட்டையில் கறுப்புக் கோடுகளாக இருக்கிறதே, அந்தப் பார்கோடு பாட்டுக்கானது இல்லை. அது அந்தப் பொட்டலத்துக்கானது, அதாவது வெளியீட்டுக்கானது. பத்துப் பாட்டு உள்ள தொகுப்புக்கும் ஒரே பார்கோடுதான், ஒரே பாட்டை மட்டும் தனியாக வெளியிட்டால் அந்த வெளியீட்டுக்கும் ஒன்றுதான். ஐஎஸ்ஆர்சி என்பது ஓர் ஒலிப்பதிவுக்கானது, இன்ன நாளில் இன்னார் பாடிப் பதிவான அந்தக் குறிப்பிட்ட ஒலிக்கு. ஐஎஸ்டபிள்யூசி என்பது படைப்புக்கானது, அந்தப் பதிவுக்கும் முன்னால் ஒருவர் மனதில் பிறந்த மெட்டுக்கும் வரிகளுக்கும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பார்கோடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் அஞ்சல் குறியீடு மாதிரி, ஐஎஸ்ஆர்சி உங்கள் அடையாள அட்டை எண் மாதிரி. ஈசூனிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறினால் அஞ்சல் குறியீடு மாறும், அடையாள அட்டை எண் மாறுமா? பாட்டும் அப்படித்தான். இன்றைக்குத் தனிப்பாடலாக வந்தது, நாளைக்கு அமைப்பின் 25ஆம் ஆண்டு மலர்த் தொகுப்பில் சேர்ந்தது, அடுத்த வருடம் வேறு நிறுவனம் வழியாக வெளிவந்தது என்றாலும் அதே ஒலிப்பதிவு என்றால் அதே ஐஎஸ்ஆர்சிதான்.

பார்கோட்டின் கதை கடைத்தெருவில் தொடங்கியது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் பேரங்காடி ஒன்றில் முதன்முதலில் அதை வருடிப் பார்த்து விற்ற பொருள் ஒரு பொட்டலம் சூயிங்கம். அங்கே வந்தது 12 இலக்க யூபிசி. பிறகு மற்ற நாடுகளுக்கென வந்தது 13 இலக்க இஏஎன். யூபிசிக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது இஏஎன் ஆகிவிடும், அதனால் ஒரு படிவம் 12 இலக்கம் கேட்கிறது, இன்னொன்று 13 கேட்கிறது என்று பயந்து இன்னொரு எண் வாங்க வேண்டாம். பார்கோடு எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் சிங்கப்பூர்க் கிளையிடம் நீங்களே வாங்கினால் எண் 888 என்று தொடங்கும். 888 என்றால் சிங்கப்பூரில் செய்த பொருள் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, எண்ணை ஒதுக்கிக் கொடுத்தது சிங்கப்பூர்க் கிளை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். இணையத்தில் மட்டும் வெளியிடுகிறீர்கள் என்றால், பாட்டைச் செயலிகளில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் ஒரு பார்கோடு எண்ணைக் கொடுத்துவிடும். பார்கோடு பற்றி இவ்வளவு போதும்.

ஐஎஸ்ஆர்சிதான் முக்கியம். அது 1986ல் ஐஎஸ்ஓ 3901 என்ற தரமாக வந்தது, உலக அளவில் ஐஎஃப்பிஐ அதை நிர்வகிக்கிறது. மொத்தம் 12 எழுத்தும் எண்ணும். முதல் இரண்டு எழுத்துகள், நமக்கு எஸ்ஜி, எண் வாங்கிய இடத்தைக் காட்டும். அடுத்த மூன்று, எண் கொடுக்கும் உரிமை பெற்றவரின் குறியீடு. அதன்பின் இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி ஐந்து இலக்கம் வரிசை எண். 00000 முதல் 99999 வரை, ஒரு வருடத்துக்கு ஒரு லட்சம் பாட்டுக்கு இடம் இருக்கிறது, எந்த அமைப்பும் அதைத் தீர்த்துவிட முடியாது. அந்த ஆண்டு இலக்கம் பாட்டைப் பதிவு செய்த ஆண்டு இல்லை, எண்ணை ஒதுக்கிய ஆண்டு. 1985ல் பதிவான பாட்டுக்கு 2024ல் எண் வாங்கினால் 24 என்றுதான் இருக்கும், அது தப்பு இல்லை. அதே மாதிரி எஸ்ஜி என்று இருப்பதால் பாட்டின் உரிமை சிங்கப்பூர்க்காரரிடம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. எண் அடையாளம் காட்டும், உரிமையைக் காட்டாது. பாட்டை வேறொருவருக்கு விற்றுவிட்டாலும் எண் அப்படியேதான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை நம்பித்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். ஐஎஸ்ஆர்சி ஒலிக்குள் ஒளிந்திருக்கும் முத்திரை இல்லை. குறுந்தட்டில் அது ஒலிக்குப் பக்கத்தில் ஓடும் துணைத் தரவில் பதிவாகிறது, எம்பி3 கோப்பில் பாடகர் பெயர், தொகுப்பின் பெயர் இருக்கும் அதே குறிப்புப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது குறிப்புகள் அழிந்தால் எண்ணும் போய்விடும். பாட்டு அநாதையாகிவிடும். அப்புறம் அதை வலையேற்றுகிறவர் படிவத்தில் ஐஎஸ்ஆர்சி என்ற கட்டத்தைக் காலியாக விடுவார், விநியோக நிறுவனத்தின் கணினி தானாகப் புதிய எண்ணைக் கொடுத்துவிடும். அக்காவின் பாட்டுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. குறுந்தட்டுக்காக 2009ல் நான் போட்ட எண் ஒன்று. பிறகு செயற்குழு மாறி, புதிய பொறுப்பாளர் ஒருவர் நல்லெண்ணத்தில் குறுந்தட்டிலிருந்து எடுத்து வலையேற்றியதில் இரண்டாவது எண். அவர் பயன்படுத்திய நிறுவனம் வருடச் சந்தா கட்டாவிட்டால் பாட்டை எடுத்துவிடும் போலிருக்கிறது, அதனால் இன்னொருவர் இன்னொரு நிறுவனம் வழியாகத் திரும்ப ஏற்றியதில் மூன்றாவது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் கேட்டவர்களின் கணக்கு மூன்று பங்காகப் பிரிந்து கிடக்கிறது, வந்த சில்லறைக் காசும் மூன்று கணக்கில் போயிருக்கிறது.

நிறுவனம் மாறும்போது பழைய ஐஎஸ்ஆர்சியையே படிவத்தில் எழுதிக் கொடுத்து, அதே ஒலிக்கோப்பை, அதே தலைப்பு, அதே பெயர்களோடு ஏற்றினால் பெரும்பாலும் பழைய எண்ணிக்கை அப்படியே வந்து ஒட்டிக்கொள்ளும். செலவே இல்லாத வேலை. பழைய எண் எது என்று அமைப்பில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது புதிய எண் வேண்டும் என்றும் கேட்பீர்கள். திரும்பப் பாடினால் வேண்டும். குரலை எடுத்துவிட்டுக் கரோக்கி செய்தால் அதற்குத் தனி எண், மேடையில் பாடியதைப் பதிவு செய்தால் தனி எண், வானொலிக்காகச் சுருக்கியதில் நீளம் 10 விநாடிக்கு மேல் மாறினால் தனி எண். காணொளிக்கும் தனி எண் உண்டு, ஒலிக்கான எண்ணை அதற்குப் போடக்கூடாது. ஒலியளவை மட்டும் கூட்டிக் குறைத்ததற்கோ, அட்டைப்படத்தை மாற்றியதற்கோ, தொகுப்பில் சேர்த்ததற்கோ வேண்டாம்.

நமக்கு மட்டும் இதில் கூடுதலாக ஒரு கஷ்டம் இருக்கிறது. சீனப் பாட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறேன், அவர்களுக்கும் வேறு விதமாக உண்டு, ஆனால் நம்முடையது நம்முடையது. இந்தச் செயலிகளில் பெரும்பாலும் நாம் ஆங்கில எழுத்தில்தான் தலைப்பை ஏற்றுகிறோம். காதல், கடல் என்ற சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள், பல நேரம் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கும். ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் வேறு மாதிரி. ஒரே பாடகரின் பெயர் ஒரு வெளியீட்டில் முதலெழுத்தோடு, இன்னொன்றில் அப்பா பெயரோடு, அடையாள அட்டையில் உள்ளபடி மூன்றாவதில். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் கணினிக்கு இவர்கள் மூன்று பேர். அதற்காகத்தான் ஆளுக்கும் எண் இருக்கிறது. ஐஎஸ்என்ஐ என்று 16 இலக்கத்தில் ஒன்று உண்டு, எழுத்தாளர், பாடகர், ஓவியர் எல்லாருக்கும் பொது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் என்றால் உரிமைச் சங்கத்தில் சேரும்போது ஐபிஐ எண் கிடைக்கும். பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் எண் ஒன்றே, குழப்பம் தீர்ந்தது. எண் வாங்கிய கையோடு பெயரையும் தலைப்பையும் தமிழ் எழுத்திலும் எங்காவது பதிந்து வையுங்கள் என்பது என் ஆசை. தமிழ்ப் பாட்டைத் தமிழில் தேடினால் கிடைக்க வேண்டாமா?

காசு பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும், கூச்சப்பட ஒன்றுமில்லை. இங்கே 1987 முதல் இயங்கும் காம்பஸ் என்ற சங்கம், மெட்டும் வரியும் எழுதியவர்கள் சார்பில் பணம் வசூலித்துக் கொடுக்கிறது. அங்கே பாட்டின் விவரங்களைப் பதிந்துகொள்ள, யார் எழுதினார், யார் இசையமைத்தார், யாருக்கு எத்தனை பங்கு என்பது முடிவாகியிருக்க வேண்டும். அப்போதுதான் படைப்புக்கான ஐஎஸ்டபிள்யூசி கிடைக்கும். ஒலிப்பதிவின் ஐஎஸ்ஆர்சியையும் படைப்பின் ஐஎஸ்டபிள்யூசியையும் யாராவது இணைத்து எழுதிக் கொடுக்காவிட்டால், பாட்டு ஒலித்தது தெரியும், எழுதியவர் யார் என்பது தெரியாது. இது சின்ன ஊர்ப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2021 பிப்ரவரியில், பாட்டு சேவை நிறுவனங்கள் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் வைத்திருந்த தொகையை அதற்கென அமைந்த அமைப்பிடம் ஒப்படைத்தன. 42 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல். அத்தனையும் யாரோ உழைத்து எழுதிய பாட்டுகளுக்குச் சேரவேண்டிய காசு, பாட்டையும் ஆளையும் இணைக்கும் விவரம் சரியாக இல்லாததால் தேங்கி நின்றது.

எண்களை எழுதும்போது கவனம் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் காரணம் சொல்கிறேன். நம் அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து சும்மா இல்லை, முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது, ஓர் இலக்கம் தப்பினால் அது காட்டிக் கொடுத்துவிடும். பார்கோட்டின் கடைசி இலக்கமும் அப்படித்தான், ஐஎஸ்டபிள்யூசிக்கும் அந்தச் சோதனை இலக்கம் உண்டு. ஐஎஸ்ஆர்சிக்கு மட்டும் இல்லை! 5ஐ 6 என்று தட்டிவிட்டால் எந்தக் கணினியும் கத்தாது, உங்கள் பாட்டு அமைதியாக வேறொரு பாட்டின் எண்ணில் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கையால் பார்த்துத் தட்டாதீர்கள், நகலெடுத்து ஒட்டுங்கள், இரண்டு பேராகச் சரிபாருங்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

பாட்டுக்குப் பணம் ஒதுக்கும் அதே கூட்டத்தில், பதிவின் உரிமை யாருக்கு என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இதில் சட்டமே மாறியிருக்கிறது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்கு முன்பு, பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் செய்யச் சொன்னவருக்கே போகும். இப்போது அது செய்தவருக்குத்தான், வேறு மாதிரி வேண்டுமென்றால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதே சட்டம் படைப்பாளரையும் நிகழ்த்திய கலைஞரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டவும் சொல்கிறது. பாட்டை எழுதியவர் பெயர் இல்லாமல் ஆதரவாளர்களின் சின்னங்களை மட்டும் போட்டு எத்தனை காணொளிகள் வந்திருக்கின்றன, நீங்களே யோசித்துப் பாருங்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, வலிக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

உரிமை யாருக்கு என்று முடிவான பிறகு, பாட்டு வெளிவருவதற்கு முன்பே ஐஎஸ்ஆர்சி போடச் சொல்லுங்கள். அமைப்பே தனக்கென ஒரு முன்குறியீடு, அதாவது ஐஎஸ்ஆர்சியின் முதல் ஐந்து எழுத்துகள், வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் செயலாளர் மாறுவார், கூடம் மூடும், விநியோக நிறுவனம் காணாமல் போகும், அமைப்பு இருக்கும். வாங்கிய எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள், கணினி விரிதாளாக இருந்தாலும் சரி, பெரிய பள்ளிக்கூட நோட்டாக இருந்தாலும் சரி. தமிழில் தலைப்பு, ஆங்கில எழுத்தில் தலைப்பு, நீளம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், அவரவர் பங்கு, பதிவு செய்த நாள், பார்கோடு, ஐஎஸ்ஆர்சி, ஐஎஸ்டபிள்யூசி என்ற மூன்று எண்கள். வரவு செலவுக் கணக்கை எப்படி அடுத்த செயற்குழுவிடம் ஒப்படைக்கிறீர்களோ அதே மாதிரி இந்த நோட்டையும் ஒப்படையுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

வெளியிட்டதில் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்துக்கும் அனுப்புங்கள். குறுந்தட்டாக வெளியிட்டால் சட்டப்படியே கொடுக்க வேண்டியதுதான், ஆனால் கட்டாயம் என்பதற்காக மட்டும் இல்லை. இந்த ஊரில் 1987ல் பழைய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை திருட்டு ஒலிநாடாதான் தெருவெங்கும், சிங்கப்பூர் அதற்கு உலகம் முழுக்கப் பேர்போன ஊராக இருந்தது. அந்தக் காலத்தில் நம்மவர்கள் தங்கள் கைக்காசில் பதிவு செய்த பாட்டுகள் அந்தக் குவியலுக்குள் புதைந்து போயின. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடும் முன்பு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஒலிநாடா தேடுவேன். உள்ளூர்க் குழு ஒன்று பதிவு செய்த நாடா கிடைத்தால் மனம் நிறையும், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் எந்த விவரமும் இருக்காது. ஒரு தபேலா வாசிப்பு இருந்தது, அவ்வளவு சுத்தமான கை, யார் வாசித்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எத்தனையோ பெரியவர்களிடம் போட்டுக் காட்டிவிட்டேன்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டிலேயே பதிவு செய்து இரவோடு இரவாக வெளியிடுகிறீர்கள், பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அந்த ஐஎஸ்ஆர்சி கட்டத்தை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போகாதீர்கள். நிறுவனமே எண் கொடுத்தாலும் பரவாயில்லை, அது என்ன எண் என்று எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் பாட்டை ஒன்றாக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. 2009 எண்ணை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி எடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கு என்று பதில் கடிதம் வந்திருக்கிறது, நியாயமான கேள்விதான். பழைய சட்டப்படி அது செய்யச் சொன்ன அமைப்பிடம் இருக்க வேண்டும், ஆனால் அன்றைய ஒப்பந்தக் காகிதம் இன்றைய பொறுப்பாளர்கள் கையில் இல்லை. அப்போது பொருளாளராக இருந்தவரின் வீட்டில் ஒரு பெட்டி இருக்கலாம் என்கிறார்கள். இதைப் படிக்கும் பழைய செயற்குழு உறுப்பினர்கள் யாராக இருந்தாலும், எந்த அமைப்பாக இருந்தாலும், உங்கள் வீட்டு அலமாரியில் பழைய பாட்டுக் காகிதங்கள், ரசீதுகள், நாடாக்கள் இருந்தால் தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். கூடத்துக்கு எடுத்து வாருங்கள், சனிக்கிழமை மாலையில் இருப்பேன். உட்கார்ந்து எண்களைச் சேர்ந்தே எழுதுவோம், இதற்குக் காசு வேண்டாம்.

அன்புடன்,
உபியில் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தும் உங்களில் ஒருவன்